சென்னை ஹோட்டல்களில் டிபனும் மீல்ஸும்: எப்போது போவது, எதை எப்படிக் கேட்பது

பேர் போன சைவ ஹோட்டலுக்குப் போய்விட்டு முகம் சுளித்து வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரவா தோசை தொளதொளவென்று வந்தது, பொங்கல் இறுகிப்போயிருந்தது, வடை ரப்பர் மாதிரி இழுத்தது, காபி ஆறிவிட்டது என்பார்கள். கைப்பக்குவத்தில் குறை என்று சொல்பவர்கள் குறைவு. அடுப்பை விட்டு இறங்கியதற்கும் இலைக்கு வந்து சேர்ந்ததற்கும் நடுவில் ஓடிய நேரம்தான் பெரும்பாலும் சாப்பாட்டைக் கெடுக்கிறது. அந்த நேரத்தைக் குறைக்கும் வழி பாதி ஹோட்டல்காரர் கையில் இருந்தால், மீதி சாப்பிடப் போகிறவர் கையில் இருக்கிறது. எத்தனை மணிக்குப் போகிறோம், எங்கே உட்காருகிறோம், எதை முதலில் சொல்கிறோம், எதைத் தள்ளி வைக்கிறோம் என்பதெல்லாம் அதில் சேரும்.

நேரம் பார்த்துப் போவது

பெரும்பாலான டிபன் ஹோட்டல்களில் காலை 6, 6.30 மணிக்கே இட்லி இறங்கிவிடும். வார நாட்களில் 7 முதல் 8 மணி வரை நல்ல நேரம். இட்லி ஓர் ஈடு வேக 10 முதல் 12 நிமிடம் ஆகும். ஓரளவு கூட்டம் இருக்கும்போது ஈட்டுக்கு ஈடு காலியாவதால் பழையது தங்காது. அதே இட்லியை 10.30-க்குக் கேட்டால் துணி போட்டு மூடி வைத்ததுதான் வரும். மேலே காய்ந்திருக்கும், அல்லது அடியில் நீர் கோத்திருக்கும். ஆளே இல்லாத ஹோட்டலில் நிம்மதியாக உட்காரலாம், ஆனால் இட்லிக்கு அது நல்ல அறிகுறி இல்லை.

பொங்கல் அதைவிட அவசரமான பண்டம். அரிசியும் பாசிப்பருப்பும் ஆற ஆற இறுகும். 9 மணிக்கு மேல் வெந்நீரும் கொஞ்சம் நெய்யும் விட்டுக் கிளறித் தளர்த்துவார்கள். தளர்ந்துவிடும், ஆனால் மிளகும் இஞ்சியும் மணம் இழந்திருக்கும், பிசுபிசுப்பு கூடியிருக்கும். 9.30 தாண்டிவிட்டால் பொங்கலை விட்டுவிட்டு தோசைக்குப் போய்விடுங்கள். மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் உள்ள ராயர் மெஸ் போன்ற சிறிய இடங்களில் பொங்கலும் வடையும் சீக்கிரமே தீர்ந்துவிடும். அங்கே போவதென்றால் மற்ற வேலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதே சரி.

ஞாயிறு காலை 8.30 முதல் 10.30 வரை எந்தப் பெரிய ஹோட்டலிலும் நெருக்கடி உச்சத்தில் இருக்கும். வேறு வழியில்லை என்றால் 7.30-க்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

காலை 11-க்கு மேல் பல இடங்களில் டிபன் நின்று மீல்ஸுக்கு ஏற்பாடு நடக்கும். 11-க்கும் 11.45-க்கும் நடுவில் போனால் இரண்டும் அரைகுறைதான். தோசைக்கல் அணைந்திருக்கும், சாதம் வடிந்திருக்காது. மாலையில் 3.30, 4 மணிக்கு மறுபடி டிபன் தொடங்கும். ரவா தோசை, அடை, சேவை, பஜ்ஜி என்று பல பண்டங்களைச் சில ஹோட்டல்கள் மாலையில்தான் போடுகின்றன. சட்னியும் அப்போது புதிதாக அரைபடும். 4 முதல் 6 மணி வரை சப்ளையருக்கும் பேச நேரம் இருக்கும், மாஸ்டருக்கும் நிதானம் இருக்கும். சென்னையில் தோசை சாப்பிட இதைவிட நல்ல நேரம் கிடையாது.

பஞ்சாங்கத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி சனிக்கிழமைகளில் அசைவம் சாப்பிடுகிறவர்களும் சைவ ஹோட்டலுக்கு வருவார்கள். பிரதோஷத்தன்று மாலை கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியும், வியாழக்கிழமை மயிலாப்பூர் சாய்பாபா கோயில் பக்கமும், பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிகள் முழுவதும் இடம் கிடைப்பது கடினம். தி.நகரில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடைக் கூட்டம் அப்படியே ஹோட்டலுக்குள் திரும்பும். மார்கழியில் மட்டும் ஒரு நல்ல மாற்று உண்டு. சபா கேன்டீன்களில் கச்சேரி டிக்கெட் இல்லாதவர்களும் பொதுவாகச் சாப்பிடலாம். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது போனால் கூட்டம் குறைவு, இடைவேளையில் போனால் தள்ளுமுள்ளு.

இடம் பிடிப்பது

வாசலில் பேர் எழுதுகிறார்களா, டோக்கன் கொடுக்கிறார்களா, நாமே போய் உட்கார வேண்டுமா என்பதை உள்ளே நுழையும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் முறை. முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும், பிறகு எண் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த வரிசை தெரியாமல் நேராக மேஜைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து கடைசியில் நிற்க நேரும்.

டோக்கன் இல்லாத நான்-ஏசி ஹாலில், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பதுதான் வழக்கம். புதிதாக வருபவருக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. யார் பின்னால் நிற்பது என்பதில்தான் சாமர்த்தியம். கையில் காபி டம்ளர் இருப்பவர், பில் வந்துவிட்டவர், கைகழுவ எழுந்தவரின் கூட்டாளி, இவர்கள் மேஜை ஐந்து நிமிடத்தில் காலியாகும். இட்லியை முடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்திருப்பவரை நம்ப வேண்டாம், அவருக்கு அடுத்து தோசை வரும். நிற்பதிலும் ஒரு பண்பு உண்டு. ஒரு கை தூரம் விட்டு, சாப்பிடுபவர் தட்டைப் பார்க்காமல் நில்லுங்கள். நான்கு பேர் மேஜையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தால் “இங்க யாராவது வர்றாங்களா சார்?” என்று கேட்டுவிட்டு உட்காரலாம்.

ஏசி ஹாலில் அதே தோசைக்கு விலை கூடுதலாக வைத்திருக்கும் ஹோட்டல்கள் உண்டு. மெனு அட்டையும் தனியாக இருக்கும். விலையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தூரம். ஏசி ஹால் பல இடங்களில் மாடியில் இருக்கும், சமையற்கட்டு கீழே இருக்கும். ரோஸ்ட்டும் பூரியும் படியேறி வருவதற்குள் சூட்டையும் மொறுமொறுப்பையும் இழந்துவிடும். டிபனுக்குக் கீழே, சமையற்கட்டுக் கதவுக்கு அருகில் உட்காருவதே எங்கள் பரிந்துரை. வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் லிஃப்ட் உண்டா, கைகழுவும் இடம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று முன்பே கேளுங்கள்.

ஆர்டர் சொல்லும் வரிசை

ஒவ்வொரு சப்ளையருக்கும் குறிப்பிட்ட மேஜைகள் உண்டு. சாம்பார், சட்னி வாளியோடு சுற்றுபவர் வேறு, தண்ணீர் வைப்பவர் வேறு, மேஜை துடைப்பவர் வேறு. வாளிக்காரரிடம் தோசை சொன்னால் அது சமையற்கட்டுக்குப் போகாது. யார் முதலில் வந்து “என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்டாரோ அவரிடமே கடைசிவரை சொல்லுங்கள். வயதானவரை “அண்ணே” என்றும், சின்னப் பையனைத் “தம்பி” என்றும் கூப்பிடலாம். கை தட்டிக் கூப்பிடுவதும் விரல் சொடுக்குவதும் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுதான் அதிகம் பேர் செய்கிற தவறு. இட்லி தயாராக இருக்கும், தோசை நாலைந்து நிமிடத்தில் வரும், ரவா தோசைக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆகும், காபி இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். நாலையும் சேர்த்துச் சொன்னால் இட்லியும் காபியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், தோசை வரும்போது காபியில் ஏடு படிந்திருக்கும். உட்கார்ந்ததுமே நேரம் எடுக்கும் பண்டத்தைச் சொல்லிவிடுங்கள்: “ஒரு ஆனியன் ரவா சொல்லிடுங்க, அதுவரைக்கும் ரெண்டு இட்லி குடுங்க.” இந்த ஒரு வாக்கியம் போதும். இட்லியை முடிக்கும் நேரத்தில் தோசை இறங்கும்.

குடும்பமாகப் போகும்போது இன்னொன்று. ஹோட்டல் தோசைக்கல் பெரியது. மாஸ்டர் ஒரே சமயத்தில் ஆறு, எட்டு தோசை ஊற்றுவார். ஒரு சுற்று முடிந்ததும் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த சுற்று. ரோஸ்ட்டுக்குக் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஊத்தப்பத்துக்குச் சூடு தணிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரே ரகத்தைச் சேர்த்துச் சேர்த்துத்தான் போடுவார்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால் முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் நடுவில் இருபது நிமிடம்கூட ஆகலாம். இரண்டு ரகத்துக்குள் முடித்துக்கொண்டால் எல்லாருக்கும் சேர்ந்து வரும்.

ரவா தோசை

சாதா தோசைக்கு மாவு முதல் நாளே அரைத்துப் புளித்தது. ரவா தோசைக்கு ரவையும் அரிசி மாவும் ஏறக்குறைய சம அளவு, அதில் பாதிக்கும் குறைவாக மைதா, மிளகு, சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்து மோர் மாதிரி நீர்க்கக் கரைப்பார்கள். கரண்டியால் தேய்ப்பதில்லை. கொஞ்சம் உயரத்திலிருந்து வீசி ஊற்றுவார்கள், விழுந்த இடத்தில் கண் கண்ணாக ஓட்டை விழும். பிறகு மிதமான சூட்டில் நிதானமாக வேக வேண்டும். பெரும்பாலும் திருப்பிப் போடுவதும் இல்லை. நீர் முழுவதும் ஆவியாகி ஓரம் தானாகத் தூக்கிக்கொள்ளும்போதுதான் எடுக்க வேண்டும்.

கெட்டுப்போவதற்கு மூன்று காரணங்கள். ரவை பாத்திரத்தின் அடியில் போய்த் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அடி வரை கலக்கி மொள்ளாவிட்டால் முதலில் ஊற்றியது வெறும் மாவுத் தண்ணீராகவும், கடைசியில் ஊற்றியது கட்டியாகவும் வரும். அடுத்தது அவசரம். ஹால் நிறைந்திருக்கும்போது கல்லில் பத்து நிமிடம் ஒரு தோசையை விட்டுவைக்க மாஸ்டருக்கு மனசு வராது, நடுப்பகுதி வேகாமல் சவசவ என்று இறங்கிவிடும். மூன்றாவது காரணம், மடிப்பு. சூட்டோடு மடித்து வைத்தால் உள்ளே இருக்கும் ஆவியே அதை நனைக்கும்.

அதனால் இரவு 8 மணி நெருக்கடியில் ரவா தோசை கேட்காதீர்கள், மாலை 4 மணிக்குக் கேளுங்கள். சொல்லும்போதே “லேட்டானாலும் பரவாயில்ல, முறுகலா போடச் சொல்லுங்க” என்று சேர்த்துச் சொல்லுங்கள். தட்டு வந்ததும் முதலில் மடிப்பைப் பிரித்து விரித்து விடுங்கள். சட்னியை மேலே ஊற்ற விடாமல் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மசாலா தோசைக்கும் இதே கணக்குதான். உருளைக்கிழங்கின் ஈரம் இரண்டு மூன்று நிமிடத்தில் நடுத்தோசையை நனைத்துவிடும். “மசாலா தனியா” என்றால் பல இடங்களில் கிண்ணத்தில் தருவார்கள், தோசை கடைசி விள்ளல் வரை மொறுமொறுப்பாக இருக்கும்.

பேப்பர் ரோஸ்ட் குழந்தைகளைக் குஷிப்படுத்தும், சீக்கிரமும் ஆறும். பசியோடு இருப்பவருக்குக் கல் தோசையோ ஊத்தப்பமோதான் திருப்தி. சைதாப்பேட்டை மாரி ஹோட்டலின் வடகறிக்கு இட்லியும் செட் தோசையும் பொருந்தும், ரோஸ்ட் பொருந்தாது. கெட்டியான வடகறியைத் தாங்க மெத்தென்ற தோசை வேண்டும்.

சாம்பார், சட்னி, வடை

சாம்பார் இட்லிக்கு ஒரு முறை இருக்கிறது. 1948-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் அதை நன்றாகப் பார்க்கலாம். இட்லி மூழ்க மூழ்கச் சாம்பாரை ஊற்றுவார்கள். வந்த உடனே கிண்டிக் கூழாக்கிவிடாதீர்கள். கரண்டியால் ஒவ்வொரு இட்லியையும் நாலாக வகுந்துவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். வெட்டிய முகம் வழியாகச் சாம்பார் உள்ளே ஏறும். தட்டில் இருந்தது வற்றியதும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சூடான சாம்பார் அந்த இரண்டாவது ஊற்றில்தான் சுவை கூட்டும்.

மெதுவடையை எண்ணெயிலிருந்து எடுத்துக் கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு மேல்தோல் இளகி இழுக்கும். “வடை சூடா இருக்கா?” என்று கேட்டால் சரியான பதில் கிடைப்பதில்லை. “இப்போ போடறாங்களா?” என்று கேளுங்கள். “அஞ்சு நிமிஷம் ஆகும்” என்றால் அது நல்ல சேதி, காத்திருங்கள். சாம்பார் வடைக்கு இது தலைகீழ். அப்போதே சுட்ட வடைமேல் சாம்பாரை ஊற்றித் தந்தால் உள்ளே உலர்ந்தே இருக்கும். வெந்நீரில் நனைத்து, பிழிந்து, கால் மணி நேரமாவது சாம்பாரில் ஊறியதுதான் கரண்டி பட்டதும் பிரியும். ஆறிய வடைக்கு ஏற்ற இடம் சாம்பாரும் ரசமும் தயிரும்தான்.

தேங்காய்ச் சட்னியை ஒரு சொட்டு தனியாக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் காலையில் அரைத்தது மதியத்துக்குள் புளித்துவிடும். மேலே நுரை, லேசான புளிப்பு வாடை, தொண்டையில் ஒரு கரகரப்பு இருந்தால் தள்ளி வைத்துவிட்டுப் புதுசு கேளுங்கள். வேறு இல்லை என்றால் வதக்கி அரைத்த காரச் சட்னியோ பொடியோ மேல். மதுரையிலிருந்து வந்த முருகன் இட்லிக் கடையில் இலையில் சட்னி வகைகள் வரிசையாக விழும், பொடியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பொடிக்கு நல்லெண்ணெயா நெய்யா என்றால் எங்கள் ஓட்டு நல்லெண்ணெய்க்கு. பொடியில் ஏற்கெனவே எள் இருப்பதால் சுவை சேர்ந்து நிற்கும். மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் உள்ள கற்பகாம்பாள் மெஸ்ஸில் அடைக்கு அவியல்தான் துணை, சாம்பாரைத் தேட வேண்டாம்.

காபி

டிபன் வந்துகொண்டிருக்கும்போதே “காபி?” என்று கேட்பார்கள். “கடைசியில சொல்றேன்” என்று சொல்லிவிடுங்கள். கடைசி வாய் தோசை தட்டில் இருக்கும்போது சொன்னால் கைகழுவி வருவதற்குள் சரியாக வந்து நிற்கும். ஸ்ட்ராங் என்றால் டிகாக்‌ஷன் கூடும், லைட் என்றால் பால் கூடும். பல ஹோட்டல்களில் சர்க்கரை தாராளமாக விழும், அதனால் “சர்க்கரை கம்மி” அல்லது “சர்க்கரை தனியா” என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், கலந்த பிறகு மாற்ற முடியாது. காலை முதல் இரண்டு மணி நேரத்திலும் மாலை 4 மணியை ஒட்டியும் டிகாக்‌ஷன் புதிதாக இறங்கியிருக்கும். மதியம் 2 மணிக்கு வருவது சூடேற்றியே வைத்திருந்ததாக இருந்தால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும்.

வந்ததும் டபராவில் ஊற்றி இரண்டு ஆற்று ஆற்றுங்கள். அடியில் தங்கிய சர்க்கரை கலக்கும், குடிக்கிற சூட்டுக்கும் வரும்.

மீல்ஸ்

லிமிட்டட் மீல்ஸ் என்றால் தட்டில் கிண்ணங்களோடு வரும், பொதுவாக மறுபடி கிடைக்காது. அளவுச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு அதுவே போதும், விலையும் குறைவு. அன்லிமிட்டட் என்றால் சாதம், குழம்பு, ரசம், பொரியல், கூட்டு மறுபடி மறுபடி வரும். அப்பளம், ஸ்வீட், தயிர்க் கிண்ணம் ஒரு முறைதான் என்று வைத்திருப்பார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஓர் அன்லிமிட்டடை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள விடமாட்டார்கள். சிறு குழந்தைக்கு என்ன வழக்கம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

12 முதல் 12.45-க்குள் போவது உத்தமம். 1 மணிக்கு அலுவலகக் கூட்டம் வரும். 2.30-க்கு மேல் பொரியல் தீர்ந்து வேறொன்று மாற்றாக வரும், ரசம் வாளியின் அடிமண்டியாக இருக்கும்.

இலையின் குறுகிய நுனி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் நீரை ஓரமாக வழித்துவிடுங்கள், ஈரம் தங்கினால் அப்பளம் நமத்துப்போகும். மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு விழும். கீழ்ப் பாதி சாதத்துக்கு. பல ஹோட்டல்களில் முதலில் பூரியோ சப்பாத்தியோ குருமாவோடு வரும். அதை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டாவதை வாங்கினால் ரசத்துக்கு வயிற்றில் இடம் இருக்காது.

சாதம் போடுபவர் ஒரு தட்டைக் கவிழ்ப்பார். “பாதி போதும்ணே” என்று கையைக் காட்டுங்கள், கேட்டால் மறுபடி வரும். முதல் பிடி பருப்புப்பொடிக்கும் நெய்க்கும், அல்லது பருப்புக்கு. அடுத்து சாம்பார், அதன்பின் காரக்குழம்பு அல்லது வற்றல் குழம்பு, பிறகு ரசம், கடைசியில் மோர். காரக்குழம்பில் புளியும் எண்ணெயும் கூடுதல் என்பதால் சாம்பாருக்கு எடுத்ததில் பாதி சாதம் போதும். ரசத்துக்குச் சாதத்தை முதலில் நன்றாக மசித்து, சுற்றி அணைகட்டி, நடுவில் குழி செய்துவிட்டுத்தான் ஊற்றச் சொல்ல வேண்டும். அப்படியே ஊற்றினால் ரசம் மடியில் வந்து விழும். பழகாதவர்கள் ஒரு டம்ளரில் வாங்கிக் குடித்துவிடலாம், அதில் ஒன்றும் குறைவில்லை. பாயசத்தைச் சிலர் ரசத்துக்குப் பின், மோருக்கு முன் சாப்பிடுவார்கள். அந்த இடம்தான் அதற்குப் பொருத்தம், இனிப்புக்குப் பிறகு மோர் வாயைச் சுத்தமாக்கிவிடும்.

இலையில் எதுவும் வேண்டாம் என்றால் வாளி வருவதற்கு முன்பே உள்ளங்கையை இலைக்கு மேல் நீட்டிவிடுங்கள். வாயில் சாதத்தோடு சொல்லிமுடிப்பதற்குள் அடுத்த கரண்டி விழுந்துவிடும். முடித்ததும் இலையின் மேல் பாதியை உங்கள் பக்கமாக மடியுங்கள். சில மெஸ்களில் இலையை நாமே எடுத்துத் தொட்டியில் போட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டால் தெரியும்.

அசைவ மீல்ஸில் கூடுதல் கவனம் விலைக்கு வேண்டும். சேப்பாக்கம் நாயர் மெஸ் போன்ற இடங்களில் சாப்பாட்டுக்கு ஒரு விலை, மீன் வறுவலுக்கும் இறாலுக்கும் தனி விலை. மீன் விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் துண்டை இலையில் வைக்கும் முன் “இது என்ன மீன், எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். பிரியாணிக்கு, தம் திறக்கும் மதியம் 12-ஐ ஒட்டிய நேரம்தான் சரி.

ஒவ்வாமையும் விரதமும் உள்ளவர்களுக்கு

பொங்கலில் முந்திரி இருக்கும். இட்லிப் பொடியில் பெரும்பாலும் எள் இருக்கும், புளியோதரையில் நிலக்கடலை இருக்கும், சில ஹோட்டல்கள் சட்னியிலும் நிலக்கடலை சேர்ப்பார்கள். கோதுமை ஆகாதவர்கள் ரவா தோசை, பூரி, பரோட்டாவோடு நிறுத்திவிடக் கூடாது. கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், அது சாம்பாரிலும் ரசத்திலும் போகும். “கோதுமை இல்லாம” என்று கேட்டால் சப்ளையருக்கு இது நினைவுக்கு வராது. பெருங்காயத்தின் பேரைச் சொல்லியே கேட்க வேண்டும். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் சாதா தோசை, தயிர் சாதம் பக்கம் போகலாம். சாம்பாரையும் மசாலாவையும் விசாரிக்காமல் தொட வேண்டாம், வடையிலும் வெங்காயம் இருக்கலாம். நெய் வேண்டாம் என்பவர்கள் பொங்கலை விட்டுவிடுவதே நல்லது, அதில் நெய் சமைக்கும்போதே சேர்ந்துவிடுகிறது.

பில்

தங்கும் விடுதியோடு சேராத தனி ஹோட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம், மத்திய, மாநிலப் பங்கு 2.5, 2.5 என்று பில்லில் பிரிந்து நிற்கும். 2017 நவம்பர் 15 முதல் ஏசி, நான்-ஏசி இரண்டுக்கும் ஒரே வரிதான், ஏசி ஹாலில் கூடுவது ஹோட்டல் வைத்த விலை மட்டுமே. காம்போசிஷன் என்ற, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையில் பதிவு செய்த சிறிய மெஸ்கள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைக் கேட்காமலேயே பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டிபன் ஹோட்டல்களில் இது அபூர்வம், இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

டிப்ஸ் கட்டாயம் இல்லை. கொடுப்பதென்றால் டிபனுக்குப் பத்து, இருபது ரூபாய் மரியாதையான தொகை. யுபிஐயில் பணம் கட்டுகிறவர்கள் சில்லறை எடுத்துப் போக மறந்துவிடுகிறார்கள். பில் தட்டில் வைப்பதைவிட சப்ளையர் கையில் கொடுங்கள். இலை எடுத்து மேஜை துடைப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள், அவருக்குக் கிடைப்பது குறைவு.

சாப்பாட்டில் குறை இருந்தால் பாதி சாப்பிடுவதற்குள் சொல்ல வேண்டும். சப்ளையரிடம் சண்டை போடாமல் “மேனேஜர் கொஞ்சம் வரச் சொல்லுங்க” என்றால் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். சட்னி புளித்திருந்தால் அவரையே சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்சல்

தோசையும் பூரியும் பார்சலுக்கு ஆகாது. பொட்டலத்துக்குள் ஆவி அடைபட்டு பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். இட்லி, இடியாப்பம், சப்பாத்தி, சாத வகைகள் தாங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய குவளை போன்றவற்றுக்குத் தடை இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு மூடி போட்ட தூக்கு எடுத்துப் போங்கள். சூடான குழம்பு பையில் கட்டி வருவதைவிட அது எல்லா விதத்திலும் மேல், அளவும் கொஞ்சம் தாராளமாகவே விழும்.

எழும்பூரிலோ சென்ட்ரலிலோ இரவு ரயில் பிடிப்பவர்கள் இட்லியில் பொடியும் நல்லெண்ணெயும் இரு பக்கமும் தடவித் தரச் சொல்லுங்கள், தேங்காய்ச் சட்னியை வாங்கவே வேண்டாம். இட்லி ஆறிய பிறகு கட்டினால்தான் பிசுபிசுக்காது. ஆகவே ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அவசரமாகச் சொல்லாமல், சாப்பிட உட்காரும்போதே பார்சலையும் சொல்லிவிட்டு, கிளம்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.